முன்வாசலில் உள்ளிப் பாத்தி

எங்கள் தெருவில் எல்லா வீடுகளுக்கு முன்னாலும் ஒரு துண்டுப் புல்தரை உண்டு. சிலர் அதில் ரோஜா வைத்திருந்தார்கள், சிலர் கல் பதித்துக் கார் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் உள்ளி நட்டிருந்தது. கடையில் வெள்ளைப்பூண்டு என்று எழுதி விற்பார்களே, அதேதான். லண்டன் ஹரோவில் எங்களைச் சுற்றித் தமிழ் வீடுகள் நிறைய. ஆனால் அவர்கள் தங்கள் வெங்காயத்தையும் மிளகாய்க் கன்றையும் பின்வளவோடு நிறுத்திக்கொள்ளும் நாகரிகம் தெரிந்தவர்கள். எங்கள் பின்வளவில் வெயில் விழாது. அதனால் எங்கள் மானம் முன்வாசலுக்கு வந்துவிட்டது.

நட்டவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவரும் சித்தப்பாவும் எங்கள் வீட்டு மேலறையில்தான் இருந்தார்கள். ஊரில் வெங்காயத் தோட்டம் செய்த வீட்டுப் பிள்ளை அவர். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை நான் தமிழ் வகுப்பு முடிந்து வந்தபோது புல்தரையில் பாதியைக் காணவில்லை. சின்னம்மா மண்வெட்டியோடு நின்றார். ஊர் வழக்கப்படி பாத்தி கட்டி, நடுவே தண்ணீர் ஓட வாய்க்காலும் வெட்டியிருந்தார். லண்டனில், மழைக்காலத்தில், வாய்க்கால்! வெளியே போய் வந்த அப்பா கோட்டைக் கழற்றாமலே நின்று பார்த்துவிட்டு, "இறைக்கிறதுக்கு மெசினும் வாங்குவமோ?" என்று கேட்டார். சின்னம்மா சிரித்தார். அந்த நாட்களில் அவர் எதற்கெடுத்தாலும் சிரித்தார்.

என்னிடம் உள்ளியைப் பல்லுப் பல்லாக உடைத்துத் தரச் சொன்னார். நான் சமையலுக்குச் செய்வதுபோல எல்லாவற்றையும் வெள்ளை வெளேரென்று தோலுரித்தும் கொடுத்தேன். அதற்கும் சிரித்தார். "உரிச்சுப்போட்டு மண்ணுக்கை வைச்சா அழுகிப்போம், பிள்ளை. அது போத்துக்கொண்டு படுக்கட்டும். நல்லாக் குளிர் பட்டாத்தான் பல்லுப் பிரியுமாம்." நான் உரித்ததெல்லாம் அன்று கறிக்குப் போயிற்று. எப்போது பிடுங்கலாம் என்று கேட்டேன். யூலையில் என்றார், அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல. எங்கள் ஊர் வெங்காயம் இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்று பெருமையடிக்கிறவர், இதற்கு மட்டும் அவசரப்படவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் கோட்டில் உள்ளி மணக்கிறது என்று வகுப்பில் ஒரு பையன் மூக்கைப் பொத்திய நாளிலிருந்து அந்தச் சாமானோடு எனக்குப் பகை. எதிர்வீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை என் வகுப்புத் தோழி. அவள் பாத்தியைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது, யோசிக்காமல், வசந்தத்தில் மஞ்சளாய்ப் பூக்கும் டாஃபடில் என்றேன். அவளுடைய தாயும் அப்போதுதான் டாஃபடில் கிழங்கு நட்டிருந்தார். மண்ணுக்குள் போனபிறகு எது எதுவென்று யாருக்குத் தெரியப்போகிறது? வசந்தம் என்று ஒன்று வரும் என்பதை நான் மறந்துவிட்டேன்.

குளிர்காலத்தில் சின்னம்மா சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றுவலி என்று அம்மா சொன்னார். திரும்பி வந்தபின் அவர் கீழே இறங்கி வருவதே குறைந்துவிட்டது. வாய்க்காலில் இலைக்குப்பை சேர்ந்தது. சித்தப்பா வேலைக்குப் போகும்போது பாத்திப் பக்கம் பார்க்காமல் போவார். ஒருவரும் கவனிக்காவிட்டால் அது தானாகச் செத்துப்போகும் என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். உள்ளி சாகவில்லை. உறைபனிக்குள்ளும் பச்சையாக நிமிர்ந்து நின்றது.

மார்ச் மாதம் தெருவெல்லாம் மஞ்சளாயிற்று. எங்கள் வீட்டில் உள்ளியின் பச்சைத் தாள் மட்டும். தோழி நாளும் பொழுதும் விசாரித்தாள். ஒரு பின்னேரம், எங்களுக்கு வந்து அவர்கள் வீட்டில் விட்டுப்போன பார்சலைக் கொடுக்கத் தாயும் மகளும் வந்தார்கள். கதவைத் திறந்தவர் சின்னம்மா, பின்னால் அம்மாவும் நானும். தோழி நேராகச் சின்னம்மாவிடமே கேட்டுவிட்டாள், உங்கள் டாஃபடில் ஏன் இன்னும் பூக்கவில்லை என்று. சின்னம்மா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. அவர் வாயைத் திறந்தால் உள்ளி என்று சொல்லிவிடுவார், நாளைக்கு வகுப்பே சிரிக்கும். நான் முந்திக்கொண்டேன். சின்னம்மாவுக்கு நடத் தெரியாது, அவர் எதை வைத்தாலும் வராது என்று ஆங்கிலத்தில், ஒரு சிரிப்பையும் சேர்த்துச் சொன்னேன்.

என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகியது. சின்னம்மா கதவைப் பிடித்தபடி அந்தத் தாயைப் பார்த்து, தன் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், ஆமாம், இந்த முறை சரிவரவில்லை என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கதவு சாத்தியதுதான் தாமதம், அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய் அடித்தார். "என்ன வாயடி உனக்கு! என்ன வாய்!" பொய் சொன்னதற்குத்தான் அடிக்கிறார் என்று நினைத்தேன். அந்தச் சின்னப் பொய்க்கு இவ்வளவு பெரிய அடியா என்று எனக்குக் கோபமும் வந்தது. அடித்துவிட்டு அம்மாவே அழுதார். அதுவும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

யூலையில் அம்மா தனியாக நின்று உள்ளியைப் பிடுங்கினார். நல்ல திரட்சியான உள்ளி. காயவைத்து, தாளோடு சேர்த்துப் பின்னி, ஒன்றுவிடாமல் லண்டனின் மறுகோடியில் பிள்ளை பெற்றிருந்த ஒரு சொந்தக்காரிக்கு அனுப்பிவிட்டார். எங்கள் ஆட்கள் பிள்ளை பெற்றவளுக்கு உள்ளியை அள்ளிப்போட்டுச் சரக்குக்கறி வைத்துக் கொடுப்பார்கள், பால் சுரக்கும் என்று. பல வருடம் கழித்து நான் என் மகளைப் பெற்று அதே கறியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அம்மா வாய் திறந்தார். பிள்ளை கைக்கு வருமுன் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கக்கூடாது, முதல் மூன்று மாதம் வெளியில் மூச்சும் விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். சின்னம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "வாங்கத்தானே அக்கா கூடாது, நடக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தாராம். பிள்ளையும் உள்ளியும் ஒரே நேரத்தில் வரும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் குளிர்காலத்து ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவருக்குப் பிள்ளை தங்கவேயில்லை. அன்று நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். ஒன்பது வயதில் கதவடியில் நின்று சொன்னேனே, அவர் எதை வைத்தாலும் வராது என்று. எந்த முகத்தோடு சின்னம்மாவிடம் போய் அதைப் பற்றிப் பேசுவது? இன்றுவரை பேசவில்லை.

ஆனால் அந்த வருடத்து ஒக்டோபரில் எனக்கு இதொன்றும் தெரியாது. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தால், சின்னம்மா மறுபடியும் முன்வாசலில் குந்தியிருக்கிறார். திரும்பவும் உள்ளிதான் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். கையில் உள்ளி இல்லை. கடையில் வாங்கிய ஒரு பை, அதன்மேல் மஞ்சள் பூப் படம். வாய்க்கால்களையெல்லாம் மூடி மட்டமாக்கியிருந்தார்.

"இந்தா, நீயே வை. இனி உன்ரை சிநேகிதிக்குப் பொய் சொல்லத் தேவையில்லை."

நான் துள்ளிக் குதித்து ஓடித் தோழியைக் கூட்டிவந்தேன். இரண்டு பேருமாகக் கிழங்குகளைத் தாட்டோம். சின்னம்மா படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வந்து கோட்டைக் கழற்றாமலே நின்று பார்த்தார், இந்த முறை மெசின் அது இது என்று பகிடி ஒன்றும் விடவில்லை. சின்னம்மா ஒருவழியாக லண்டனுக்குப் பழகிவிட்டார் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.