ஹர்த்தால் நாளில் ஒரு சீர்வரிசை

சில வருடங்களுக்கு முன்பு, வேலையில் சேர்வதற்காகக் கரூரிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்கிய காலை அது. புது ஊரில் எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் வாளி, துடைப்பம், சுருட்டிக் கட்டிய மெத்தை, கைப்பிடி ஆடுகிற அம்மாவின் பழைய குக்கர் என்று பாதி வீட்டைத் தூக்கி வந்திருந்தேன். முதல் சம்பளம் வரும்வரை என் குடித்தனம் அவற்றை நம்பித்தான்.

ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால் ஆட்டோ இல்லை, பஸ் இல்லை, ஒரு டீக்கடைகூட இல்லை. மாநிலம் முழுக்க ஹர்த்தாலாம், அதாவது சாயங்காலம் வரை முழு அடைப்பு. போலீஸ் வேன் ஒன்று நின்றது. அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் சேரும் தேதியை ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தேன். இன்று காலை பத்து மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஆபீஸில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். போன் அடித்தால் எடுப்பாரில்லை.

அப்போது, கல்யாண வண்டி என்று முன்கண்ணாடியில் எழுதி ஒட்டிய வேன் ஒன்று வந்து நின்றது. கல்யாண வண்டிகளை ஹர்த்தால்காரர்கள் மறிக்க மாட்டார்களாம். ரயிலில் வந்த உறவினர்களை ஏற்றிக்கொண்டிருந்த, கல்யாணப் பெண்ணின் சித்தி, என்னையும் என் மூட்டைகளையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க போணும் மக்களே?"

கேசவதாசபுரம் என்றேன்.

"ஸ்ரீகாரியத்துலயாக்கும் கல்யாணம். போற வழிதான். ஆனா இன்னைக்கு ஆபீஸ் ஒண்ணும் திறக்காது, கேட்டியா."

"எங்க ஆபீஸ் அப்படியெல்லாம் கிடையாதுங்க" என்றேன். அதுவரை கண்ணால்கூடப் பார்க்காத ஆபீஸுக்கு அவ்வளவு வக்காலத்து.

அவர் சிரித்துக்கொண்டே, "சரி, கேறு" என்று ஏறிக்கொள்ள இடம் விட்டார்.

பாளையத்தில் கொடி பிடித்த கூட்டம் வண்டியை நிறுத்தியது. ஓர் இளைஞர் உள்ளே தலையை நீட்டினார். எல்லோரும் பட்டில் ஜொலிக்க, கசங்கிய சுடிதாரில் நான் மட்டும் வாளியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இது யார் என்று கேட்டார். சித்தி கொஞ்சமும் அசராமல், நான் பெண்ணின் தோழி என்றும், மூட்டையெல்லாம் சீர் சாமான் என்றும் மலையாளத்தில் அடித்துவிட்டார். இளைஞர் குக்கரைத் தூக்கிப் பார்த்தார். அடி முழுக்கக் கரி. துடைப்பத்தையும் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ வாய்விட்டுச் சிரித்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெத்தையை உள்ளே தள்ளிவிட்டு, "பொய்க்கோ" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அதன்பிறகு வண்டிக்குள் ஒரே கும்மாளம். இப்படியொரு சீரை எந்த மாப்பிள்ளையும் வாங்கியிருக்க மாட்டார் என்று ஆளாளுக்கு என்னைக் கிண்டல் செய்தார்கள்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் ஆபீஸ் வாசலில் இறங்கினேன். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, நன்றி சொல்லிக்கொண்டே கேட்டை நோக்கி ஓடினேன். பெரிய பூட்டு தொங்கியது. காவலாளி மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹர்த்தால் அன்று யாரும் வர மாட்டார்கள், நாளைக்கு வந்து சேர்ந்தால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். வேலை பிழைத்தது என்ற நிம்மதி ஒரு பக்கம். ஆனால் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்த ஹாஸ்டல் ஊரின் மறுகோடியில் இருந்தது. சாயங்காலம் வரை இந்த மூட்டைகளோடு எங்கே போவது என்று தெரியவில்லை.

திரும்பினேன். வேன் போகவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் தலையை நீட்டிக்கொண்டு, மொத்தக் குடும்பமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பூட்டியிருக்கும்ணு தெரியும் மக்களே. சொன்னா நீ கேக்கல்ல. அதான் நின்னோம்" என்றார் சித்தி.

"முகூர்த்த நேரமாச்சேங்க?"

"மாப்பிள்ளை எங்க ஓடிப்போவாரு? பஸ்ஸும் இல்ல. நீ கேறு."

அன்று முதல் பந்தியிலேயே என்னை உட்கார வைத்து, இரண்டு வகைப் பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். மாலையில் ஹர்த்தால் முடிந்ததும் ஹாஸ்டல் வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். வார்டன் வந்து கதவைத் திறக்கும்வரை அங்கேயும் வேன் நின்றது.

மறுநாள் வேலையில் சேர்ந்தேன். இன்றும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். வழியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கிவிட நல்ல மனம் இருந்தால் போதும். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி உள்ளே போய்விட்டாளா என்று பார்ப்பதற்காக, முகூர்த்த நேரத்தில் ஒரு கல்யாண வண்டியே காத்து நின்றதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.