சித்தேரிக் கரையில் நீட்டிய பாவு

எங்கள் சங்கத்தின் முழுப்பெயர் சித்தேரிப் பறவைகள் மற்றும் இயற்கை வளப் பாதுகாப்புச் சங்கம். உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் ஒரு பறவையைப் பார்த்து இன்னதென்று சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர், பவுல்துரை. மற்ற பத்துப் பேரையும், என்னையும் சேர்த்துத்தான், ஏரியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் போன வருடத்து மரக்கன்று விழாவைச் சொல்வோம். அன்றைக்கும் நாங்கள் பார்த்தது கேமராவை.

பவுல்துரை ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவர். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி, அதிகம் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு ஏரிக்குப் போய்விடுவார். கரையை ஒட்டிய கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டுகின்றன. மூடிய அலகின் நடுவிலும் பாக்குவெட்டிபோல ஒரு சந்து தெரியும் பறவை அது. அந்த அலகைப் பற்றி அவர் கூட்டத்தில் ஒருமுறை பத்து நிமிடம் பேசினார். பத்து நிமிடமும் நாங்கள் போண்டா எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரைச் செயலாளராக்கியதுகூட நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டும் என்பதால்தான்.

சங்கத் தலைவர் அருணாச்சலம் அரிசி மில் முதலாளி. நல்ல மனிதர், ஆனால் தன் பெயர் பொறித்த கல்வெட்டு என்றால் பைத்தியம். போன பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு கூட்டம் போட்டு, ஏரிக்கரையில் பறவை பார்க்கும் கோபுரம் கட்டப்போவதாக அறிவித்தார். சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்துவிட்டார். ஒரே ஒரு இடைஞ்சல்தான். கோபுரத்திலிருந்து பார்த்தால் கருவேல மரங்கள் பார்வையை மறைக்கும். ஆகவே மரங்களை எடுத்துவிடுவது என்று தீர்மானம். அனுமதி வாங்கியாயிற்று என்றார். யாரும் காகிதத்தைக் கேட்கவில்லை.

பவுல்துரை எழுந்து, அந்த மரங்களில்தான் கூடுகள் இருக்கின்றன, குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முளைக்கவில்லை, மரத்தைச் சாய்த்தால் ஒன்றும் பிழைக்காது, பிப்ரவரி வரை பொறுக்க வேண்டும் என்றார். பறவைகள் பக்கத்து ஏரிக்குப் பறந்துபோய்விடும் என்று தலைவர் சமாதானம் சொன்னார். பறக்கத் தெரியாத குஞ்சைப் பற்றித்தான் பேச்சு என்பது அவருக்கு எட்டவில்லை. கையைத் தூக்கச் சொன்னார்கள். பத்துக் கைகள் எழுந்தன. என் கையும்தான். பவுல்துரை கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜேசிபி வந்தது. ஓட்டுநர் ராஜ்குமார் கரைமேல் ஏறித் திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டான். கரைப்பாதை நெடுக, அறுபது அடிக்கு, பட்டுப் பாவு நீட்டியிருந்தது.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. எங்கள் ஊரில் இது தினம் நடக்கிற சங்கதி. தறியில் ஏற்றுவதற்கு முன்பு பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் உறைப்பதற்குள் சுருட்டி எடுப்பார்கள். அதுவரை பைக்கானாலும் பால்வண்டியானாலும் நிற்கத்தான் வேண்டும். நீட்டிய பாவை யாரும் மிதிக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு. ஹாரன் அடிப்பதுகூட மரியாதைக் குறைவு.

ராஜ்குமார் அம்மாவும் தறிக்காரிதான். அவன் இறங்கிவந்து, "இன்னா நைனா, இங்க வந்து போட்டுகினு கீறீங்க?" என்று கேட்டான். தெருவில் தூசி, இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்றார் பவுல்துரை. அவன் ஒரு நிமிடம் மரங்களைப் பார்த்தான். பிறகு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இழை முடிய உட்கார்ந்துவிட்டான். ஒன்பது மணிக்கு அவனுக்குப் போளூர் சாலையில் வேறு வேலை இருந்தது, போய்விட்டான்.

ஜேசிபி எங்களுக்குக் கிடைப்பது காலை ஒன்பது மணி வரைதான். மறுநாள் அது வந்தபோது இன்னொருவர் பாவு. அதற்கடுத்த நாள் இன்னொருவர். ஒரு தறிக்கு மாதம் ஒரு பாவுதான் வேண்டும், ஆகையால் பவுல்துரை சாயங்காலம் தெருத்தெருவாகப் போய் நாளைக்கு யாருக்குப் பாவு என்று விசாரித்து, அவர்களைக் கரைக்கு வரச்சொல்லிக் கெஞ்சினார். அவர் வீட்டுத் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. அவர் மனைவி ரோஸி அக்கா வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே எல்லோருக்கும் டீ போட்டு அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் தலைவரே காரில் வந்தார். கோபத்தில் கதவைத் திறந்து இறங்கினார். பாவைப் பார்த்ததும் அவர் கால் தானாக நின்றது. எவ்வளவு கோபம் வந்தாலும் ஆரணிக்காரர் ஆரணிக்காரர்தான். அந்த நேரம் பார்த்து, யாரோ சொல்லி ஒரு பத்திரிகை நிருபரும் வந்து சேர்ந்தார். பாவுக்கு இந்தப் பக்கம் தலைவர், அந்தப் பக்கம் மரம் நிறைய நாரைகள். படம் அமைந்துவிட்டது. இது யாருடைய யோசனை என்று நிருபர் கேட்டார். தலைவர் மூச்சு விடுவதற்குள், "சங்கத்தோட யோசனைங்க" என்றார் பவுல்துரை.

அடுத்த நாள் செய்தி வந்தது. பாவு நீட்டிப் பறவைகளைக் காக்கும் சங்கம், வழிநடத்தும் தலைவர். வேலூரிலிருந்தெல்லாம் பாராட்டு. அதற்குப் பிறகு மரத்தை வெட்டச் சொல்ல அவருக்கு வாய் இல்லாமல் போய்விட்டது. கோபுரத்தைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, கேட் வைத்து, பறவைகளின் அமைதி கருதி உறுப்பினர் அல்லாதோர் உள்ளே வரக்கூடாது என்று பலகையும் மாட்டினார். கல்வெட்டில் பதினொரு பெயர் வர வேண்டியது, பத்துதான் வந்தது. தீர்மானத்துக்கு எதிராக நடந்ததற்காகப் பவுல்துரையைக் கல்வெட்டு திறப்பதற்கு முந்தைய வாரமே சங்கத்திலிருந்து நீக்கியிருந்தோம். அதற்கும் கை தூக்கினேன். புதிய செயலாளர் நான்தான்.

இந்த வருடமும் நாரைகள் வந்திருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டைத் திறக்கப் போனபோது பவுல்துரை வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிக்கு நடுவே அவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியாது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாருமில்லை, உள்ளே வாருங்கள் என்றேன்.

"வேணாம் சார். ஒருத்தர வுட்டா நாலு பேர் வருவாங்க. குஞ்சு பொரிக்கிற நேரம், மிரண்டா தாய் எழுந்து போயிடும். போர்டு போட்டது நல்லதுதான்" என்றார். பிறகு எத்தனை கூடு இருக்கிறது என்று கேட்டார்.

செயலாளராகி ஒரு வருடம். நான் எண்ணியதில்லை. முப்பது இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் தேவலை.

"மெதுவா போய் எண்ணிகினு வாங்க சார். நான் இங்கியே நிக்கிறேன்."

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் உள்ளே நடந்தேன்.