ஓட்டையில்லாத கிட்டாரும் நானும்

வாத்தியக் கடைக்கு வாசித்துப் பார்க்கிறவர்கள் தினமும் வருவார்கள். வாங்குகிறவர்கள் வழி தவறி வந்தால்தான் உண்டு. ஜவுளிக்கடையில் நூறு புடவை பிரித்துக் காட்டிவிட்டு நூறையும் மடித்து வைக்கும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் முதலாளி ரஜாக் பாய் பாரிஸிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரைக் கப்பலில் தருவித்தார். கூடவே, அதன் சத்தம் வெளியே வர ஒரு பெட்டி. ஆசையாக வரவழைத்தவர் சீக்கிரமே அலுத்துப்போய், "கிறிஸ்துமஸுக்குள்ள இத வித்துடு. இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்க" என்று அன்போடு சொல்லிவிட்டார். எனக்கோ அதன்மேல் கொள்ளை ஆசை. தடித்த கம்பியை ஒரு தரம் மீட்டினால் நாதம் லேசில் போகாது. விடைபெற மனசில்லாத சம்பந்தி மாதிரி வாசலிலேயே நிற்கும்.

ஓட்டை எங்கே?

முதலில் வந்தவர் மாதா கோயில் பாட்டுக்குழு வாத்தியார். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டிப் பலகை, வயிற்றில் வட்ட ஓட்டை கிடையாது. கம்பிக்கடியில் இருக்கும் காந்தம்தான் அதிர்வைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்புகிறது என்று விளக்கினேன். வாசித்துக் காட்டலாமென்றால் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. வெறுமனே மீட்டினேன். கம்பிக்குப் பக்கத்தில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது சாமிக்கே கேக்காது."

பாதி பாலீஷ்

ஓரத்தில் கருஞ்சிவப்பு, உள்ளே வரவரத் தேன் நிறம், நடுவில் நல்ல மஞ்சள். கை கழுத்தின் கடைசி மெட்டுக்கட்டை வரை தடையில்லாமல் போவதற்காகக் கழுத்தின் இரண்டு பக்கமும் வளைத்து வெட்டியிருப்பார்கள். துடைக்கிற சாக்கில் அந்த வளைவை நான் தினமும் தடவிக்கொடுப்பேன். இந்த அழகையெல்லாம் கடைக்கு வந்த ஒரு மதாமிடம், அதாவது ஒரு பெரிய வீட்டு அம்மாளிடம், மூச்சுவிடாமல் வர்ணித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "பாலீஷ் போட்டவன் பாதியிலயே சாப்பிடப் போய்ட்டானா?"

ஷாக்

லாஸ்பேட்டைக்காரர் ஒருவர் மகளுடன் வந்தார். அந்தப் பெண் ஆசையாக நீட்டிய கையை அப்பா பிடித்து இழுத்தார். "கரண்டு ஓடுதா?" ஷாக் அடிக்காது என்று நானே பல தடவை தொட்டுக் காட்டினேன். நான் உயிரோடு நின்றது அவருக்குப் போதுமான சாட்சியாகப் படவில்லை. பெண்ணுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்ததாம். படியிறங்கும்போது சொன்னார்: "மாப்ள வரட்டும். அவரு மொதல்ல தொட்டுப் பாக்கட்டும்."

வாங்கியே விட்டார்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு சொல்தா வந்தார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் ஊர் திரும்பியவர். என் வேலைக்கு அதுதான் கடைசி நாள். உயிரைக் கொடுத்து வாசித்தேன். கரண்டும் கருணை காட்டியது. நாதம் வீதிவரை போய்த் திரும்பியது. சைகோனில் வாலிபத்தில் இப்படிக் கேட்டதாகச் சொன்னார், கண் கலங்கியிருந்தது. ஊரில் ஒருத்தருக்காவது இது கேட்கிறதே என்று இன்னொரு தரம் மீட்டினேன்.

பிறகு பெட்டியை அணைக்கச் சொன்னார். வெறுங்கம்பியை மீட்டிக் குனிந்து கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "இதத்தாம்பா தேடிக்கினு இருந்தேன். பொட்டி வேணாம். ஊட்டுல மதாமுக்குச் சத்தமே ஆவாது. இது எனக்கு மட்டும் கேக்குது."

தலை தப்பியது என்று நிமிர்ந்தேன். தனியாக நின்ற பெட்டியை ரஜாக் பாய் ஒரு சுற்றுச் சுற்றிவந்து கேட்டார்: "கிட்டார வித்துட்ட, சரி. சத்தத்த எப்ப விக்கப் போற?"

மதாமுக்குப் பயந்தவர் கிட்டாரை வாங்கிவிட்டார். மதாமைப் பயமுறுத்தத் துணிந்த ஒருவர் புதுச்சேரியில் பிறந்து வந்து பெட்டியை வாங்குகிற வரைக்கும் என் உத்தியோகம் தொங்கலில்தான்.