சந்தனம் ஏறிய ஸ்க்ரூக்கள்

என் காரின் நம்பர் பிளேட்டுகளில் முன்னால் நான்கு, பின்னால் நான்கு, ஆக எட்டு ஸ்க்ரூக்கள். எட்டையும் கெடுத்தது நாங்கள்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் மனைவி சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே வருவாள். பானெட்டில் ஒரு பொட்டு, ஸ்டீயரிங்கில் ஒன்று, அப்புறம் நம்பர் பிளேட்டின் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் ஒன்று. பொட்டு வைப்பதற்கென்றே வட்டமாகச் செய்துவைத்த இடம் என்பாள். அதன் மேல் குங்குமம். இப்படிப் பன்னிரண்டு வருஷம். அந்த ஈரம் உள்ளே இறங்கித் துரு பிடிக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவளை விடுங்கள், நான் மும்பையில் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன்.

கடைசி மூன்று வருஷமாகப் பொட்டு வைக்க ஆள் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று மனைவி புனேவுக்குப் போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, இப்போது பிளே ஸ்கூலுக்கும் போகிறது. இவள் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. தினமும் காலையில் போன் செய்து என்ன சாப்பிட்டேள் என்று கேட்பாள். எப்போது வருகிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டுத்தான் வர வேண்டுமா என்று ஒரு வீம்பு. அந்த வீம்போடு திலக் நகர் வீட்டில் ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்து, அந்த ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் பழைய பிளேட்டைக் கழற்றிவிட்டுப் புது மாதிரி பிளேட் போட வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது. போனில் சொன்னேன்.

"அதை மாத்தாம வண்டியை ஹைவேல எடுக்காதீங்கோ" என்றாள்.

எங்களுக்கு ஹைவே என்றால் புனே ரோடுதான். நான் வர வேண்டும் என்று அவளும் நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆயுத பூஜையன்று போய்க் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவளிடம் சொல்லவில்லை.

பிளேட் மாட்டித் தரும் இடத்தில் இருந்தவன் குனிந்து ஸ்க்ரூக்களைப் பார்த்தான். "அங்கிள், பெஹலே யே நிகால்கே லாவோ" என்றான். முதலில் இதைக் கழற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

பில்டிங் காம்பவுண்டில் நானே உட்கார்ந்தேன். ஸ்டார் ஸ்க்ரூவின் பள்ளத்தில் பழைய சந்தனம் சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனை உள்ளே உட்காராமல் வழுக்கியது. எனக்குக் கோபம் வந்தால் மூளை நின்றுவிடும், கைதான் வேலை செய்யும். இன்னும் பலமாகத் திருப்பினேன். அந்த ஸ்க்ரூவின் ஸ்டார் தேய்ந்து வெறும் குழியாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். யூடியூபில் சொன்னபடி ரப்பர் பாண்டை நடுவில் வைத்து அழுத்தினேன். ரப்பர்தான் கிழிந்தது. லிஃப்டுக்குப் போகிறவர்கள் "க்யா ஹுவா அங்கிள்?" என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பதிலுக்கு யாரும் நிற்கவில்லை.

ஸ்டேஷன் பக்கம் ரோட்டோரத்தில் காரேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் தாராவியில் பிறந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். பிளேட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"சாமி கும்பிட்டே ஏக்தம் ஜாம் பண்ணி வச்சிருக்கியளே சார்."

ஊக்கால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். துரு இளக ஸ்ப்ரே அடித்தார். தடித்த டிரைவர் ஒன்றைப் பள்ளத்தில் பொருத்தி, அதன் தண்டில் ஒரு ஸ்பேனரை மாட்டினார்.

"இது ஒராளு வேல இல்ல சார். ஒராளு அமுக்கணும், ஒராளு திருப்பணும். அமுக்காம திருப்புனா ஸ்க்ரூ தல தேஞ்சு உருண்டுரும். வாங்க, நீங்க அமுக்குங்க."

முட்டி போட்டு இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினேன். அவர் ஒட்டி உட்கார்ந்து ஸ்பேனரைத் திருப்பினார். அவர் தோள் என் தோளில் இடித்தது. ஒரு மனிதர் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நினைத்தேன். கிறீச்சென்ற சத்தத்தோடு ஸ்க்ரூ அசைந்தது.

"வீட்ல அம்மா கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சிருந்தா நீங்களே கழத்தியிருக்கலாம். அவங்க ஊர்ல இல்லியா?"

"பூனால இருக்கா. ஆயுத பூஜைக்கு வரா."

அவளுக்கே தெரியாத செய்தியை அவரிடம் சொன்னேன்.

ஏழு ஸ்க்ரூக்கள் வந்துவிட்டன. நான் தேய்த்துவைத்த எட்டாவதில் பிடிப்பே இல்லை. ஹேக்ஸா பிளேடால் அதன் தலையில் குறுக்கே ஒரு கோடு அறுத்து, தட்டை டிரைவரை அதில் கொடுத்துத் திருப்பி எடுத்தார். அன்றைக்கே புது பிளேட் மாட்டியாகிவிட்டது.

ஆயுத பூஜையன்று காலையில் கிளம்பினேன். அவள் முழங்கால் வலிக்காக முன்சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளியிருந்தேன். அவள் பெட்டிகளுக்காக டிக்கியைக் காலி செய்திருந்தேன். புனே ரோட்டில் மலை ஏறும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "கிளம்பு, போலாம்." இரண்டே வார்த்தை.

மகள் வீட்டில் அவள்தான் கதவைத் திறந்தாள், முகம் மலர்ந்தது. "என்ன, திடீர்னு?"

"புது பிளேட் போட்டிருக்கேன். காட்டலாம்னு வந்தேன்."

சாப்பாடு ஆனதும் சந்தனக் கிண்ணத்தோடு என்னுடன் கீழே வந்தாள். பானெட்டில் ஒன்று, ஸ்டீயரிங்கில் ஒன்று. பிளேட் முன்னால் குனிந்து தேடினாள். புது பிளேட்டில் ஸ்க்ரூ கிடையாது. திரும்பக் கழற்ற முடியாதபடி அடித்து இறுக்கிவிடுகிறார்கள்.

"பொட்டை எங்கே வெக்கறது?" விரலில் சந்தனத்தோடு என்னைப் பார்த்தாள்.

எங்கேயாவது வை என்றேன். ஓரத்தில் ஒன்று வைத்தாள். கோணலாக வந்தது.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மேலே பால்கனியிலிருந்து குழந்தை அவளைக் கூப்பிட்டது. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அடுத்த வருஷமும் வண்டியை இங்கேயே கொண்டு வாங்கோ. நானே பொட்டு வெச்சுடறேன்."

பிரியமாகத்தான் சொன்னாள். சரி என்றேன்.