மெலியப் பயந்தவள்

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது எங்கள் ஊரான பழுகாமத்தில் யாருக்கும் தெரியாது. முன்பு எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது அயலவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மருந்தில் உடம்பு தேறியதும் மூன்று வேளையும் வயிறு முட்டச் சோறு தின்றேன். இந்த அறுபது வயதிலும் சதைதான் எனக்கு மறைப்பு.

மட்டக்களப்புக் கிளினிக்குக்கு வரும் புஷ்பத்துக்கும் அதே நோய், அதே பருமன். போன மாதம் அவள் நன்றாக இளைத்து வந்தாள். மருந்தை விட்டுவிட்டாள் போலும், அவளைவிட நான் பரவாயில்லை என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆனால் இரத்தத்தில் சீனியும் பிரஷரும் இறங்கிவிட்டதாக டாக்டர் அவளைப் பாராட்டினார்.

என்னிடம், "கிருமி அடங்கிட்டு அம்மா. இனி உங்கட இதயத்துக்குத்தான் பயம். உடம்பைக் குறைக்க வேணும்" என்றார்.

எனக்கு வயிறெரிந்தது. வெளியே வந்ததும் அவளைப் பிடித்தேன்.

"இப்பிடி மெலிஞ்சா, என்ன நோய் வருத்தமெண்டு ஆக்கள் கேக்க மாட்டாங்களாகா?"

"கேட்டாங்க. உள்ளதைச் சொல்லிட்டன்கா. கொஞ்சப் பேர் வீட்டுப் பக்கம் வாறதில்ல. ஆனா பக்கத்து வீட்டுக்காரி தினமும் என்னோட வாவிக்கரையால நடக்க வாறாள்."

இன்று காலை நானும் நடக்கக் கிளம்பினேன். "எங்ககா இந்த நேரத்தில?" என்று அயல்வீட்டுக்காரி கேட்டாள். "கடைக்கு" என்று சொல்லி, கடைக்கே போய்விட்டேன்.

புஷ்பத்தின் மெலிந்த உடம்புகூட எனக்கு வேண்டாம். அவளுடைய அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா?