நரி வாயில் நுரை

நாய்க்கு ஊசி போடுவதைப் பார்க்க யாராவது பஸ் ஏறிப் போவார்களா? 2006 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். கோட்டக்குப்பத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் என் தோழி சல்மா, மரக்காணம் உப்பளத்து நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடக் கிளம்பியிருந்தாள். ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமாம். எனக்கு நாய் என்றாலே உதறல். சொல்லியும் அவள் விடவில்லை.

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் முப்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். இறங்கி உப்பளத்துக்கு ஆட்டோ முப்பது ரூபாய். வழியில் சல்மா விஷயத்தைச் சொன்னாள். கழுவெளி ஏரிப் பக்கத்து முட்புதர்களில் நரிகள் கொஞ்சம்தான் மிச்சம். நாய்களிடமிருந்து வெறிநோய் தொற்றினால் அந்தக் கூட்டமே காலி. நரியைப் பிடித்து ஊசி போட முடியுமா? அதனால் நாய்க்கு.

ஆனால் யாரும் நாயைக் கொடுக்கவில்லை. "ஊசி போட்டா நாய் குலைக்காதும்மா" என்றார் உப்பு வாரும் முருகேசன். உப்புக் குவியலுக்கு அவருடைய நாய் மணிதான் காவல். சல்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். அவர் மணியைக் கம்பத்திலிருந்து அவிழ்க்கவே இல்லை.

அப்போது வரப்பின் மேல் ஒரு நரி வந்தது. பட்டப்பகலில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. வாயெல்லாம் வெள்ளை நுரை.

"டேய், வெறி நரிடா! அடிங்கடா!" முருகேசன் உப்பு வாரும் பலகையோடு ஓடினார். பின்னால் நாலைந்து பேர். முந்தின வாரம்தான் பக்கத்து ஊரில் ஒரு நாய் வெறி பிடித்துச் செத்திருந்தது. அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை.

சல்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "லேட்டா வந்துட்டோம்டி" என்றவள், "அண்ணே, கிட்ட போகாதீங்க, கடிச்சிடும்!" என்று கத்தினாள். நின்றார்கள்.

நரி எங்களைச் சட்டை செய்யாமல் வாய்க்கால் மூலைக்குப் போனது. காற்றில் அங்கே உப்புத் தண்ணீர் சோப்பு நுரை மாதிரிக் குவிந்து கிடந்தது. மூஞ்சியை அதற்குள் புதைத்தது. நிமிர்ந்தபோது வாயில் ஒரு மீன், முன்பைவிட அதிக நுரை. சாவகாசமாகத் தின்றுவிட்டு, வாய்க்காலில் இறங்கி நீந்தி, அக்கரையில் உடம்பை உதறியது. நுரை போன இடம் தெரியவில்லை.

"வெறி புடிச்சது இப்படி நீந்தி வெளையாடாதுங்க" என்று சல்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

"அட எழவே, தெனம் பாக்குற நுரைப்பா இது!" முருகேசன் பலகையைக் கீழே போட்டார். கொஞ்ச நேரம் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் மணியை அவிழ்த்து வந்தார். "போடுங்கம்மா. நம்ம நாயால அதுக்கு வியாதி வர வேணாம். இது குலைக்காட்டி நான் குலைக்கிறேன்."

அவர் கொடுத்ததும் மற்றவர்களும் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டி காலி.

போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் உப்பில் கண் கூசும். தொப்பியும் குடிதண்ணீரும் அவசியம். நரியைப் பார்த்தால் தள்ளியே நில்லுங்கள். எல்லா நுரையும் உப்பு நுரையாக இருக்காது.

ஊசி போட்டு முடித்ததும் மணி என்னைப் பார்த்துக் குரைத்தது. ஆட்டோவில் ஏறும் வரை விடவில்லை. ஒரு நாய் குரைத்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.