அக்கா இருக்கிற ஊரில் ரூம் போட்டது

கூடப் பிறந்தவள் குடியிருக்கிற ஊருக்குப் போய் ஓட்டலில் ரூம் போட்டுத் தங்குவது எங்கள் பக்கத்தில் சின்னக் குற்றம் இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்களைக்கூட ஒரு பிள்ளை பிறந்ததும் உள்ளே விட்டுவிடுவார்கள். இதற்கு மன்னிப்பே கிடையாது. சென்னையிலிருந்த எங்கள் மாமா ஒருவர் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். தம்பி வீடு தேர் போகிற வீதியிலேயே இருந்தது. ஆனால் மாமாவுக்கு முழங்கால் வலி, குத்தவைத்து உட்கார முடியாது, அதற்குத் தோதான கக்கூஸ் தம்பி வீட்டில் இல்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ஒரே ஒரு ராத்திரி தங்கினார். தம்பிக்காரர் அதற்கப்புறம் பதினோரு வருஷம் பேசவில்லை. அண்ணன் செத்த அன்றைக்கு வந்து மாலையைப் போட்டு, "லாட்ஜுல தங்குன மனுசன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அழவே ஆரம்பித்தார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் அதே வேலையைச் செய்தேன். பழி என் மகள் மேல். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கென்று போனிலேயே கொச்சியில் ரூம் போட்டுவிட்டு, அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னாள். ஊரின் நடுமத்தியில் ஓட்டல், ரெண்டு ராத்திரி, காலை டிபனோடு, ஜன்னலைத் திறந்தால் கடல்.

"அங்க பெரியம்மா இருக்காளேட்டி" என்றேன்.

"இருக்கட்டும்மா. அதுக்கு?" என்றாள்.

அதுக்கு என்ன என்று அவளுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா என்றால் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். அத்தான் இறந்த பிறகு ராஜபாளையத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கொச்சியில் மகன் வாங்கிய ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. வாரத்துக்கு ரெண்டு தடவை போனில் பேசுவாள். "எங்க வீட்டு ஜன்னல்ல நின்னா கடலு தெரியும்ட்டி" என்பாள். "ஒரு நாளைக்கி வா" என்பாள். எந்த நாளைக்கு என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு யூனிட் இருக்கிறது. ஏழு மிஷின் போட்டு நைட்டி தைக்கிறோம். ஒரு நாள் நான் இல்லாவிட்டால் கழுத்துப் பட்டியை நைட்டியின் கையில் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று இருப்பது அக்கா ஒருத்திதான். கோபம் வந்தால் சண்டை போட மாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். அத்தானின் அக்காவோடு அப்படி நிறுத்தியதை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்த லாட்ஜ் மாமா கதி எனக்கும் வந்தால் என் நல்லது கெட்டதுக்குக் கூட நிற்க ஆளில்லை. ஆகவே நிறைய யோசித்து, அவளிடம் சொல்லாமலே போய்விட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். புத்திசாலித்தனத்துக்கு எங்கள் குடும்பத்தில் என்றைக்குமே குறைச்சல் இல்லை.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். "ஒளிஞ்சு போறதெல்லாம் நமக்கு ஆகாது. மதினிட்ட சொல்லிட்டுப் போவோம்" என்றார். "நீரு வாயத் தொறக்காம வந்தா போதும்" என்றேன். பிடிபட்டால் நீட்டுவதற்கு ஒரு கிலோ பால்கோவாவும், அக்கா அளவில் ரெண்டு நைட்டியும் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிடிபடாவிட்டால் பால்கோவாவை நாங்களே தின்றுவிடலாம் என்பது கணக்கு.

தென்காசியில் ராத்திரி ரயிலேறி, காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஓட்டலுக்குப் போய் நின்றோம். பன்னிரண்டு மணிக்குத்தான் ரூம் தருவார்களாம். சோபாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இவர் நெஞ்சை நிமிர்த்தி அணிவகுப்பு பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் போகிற சேலை கட்டின பொம்பளை எல்லாம் எனக்கு அக்காவாகவே தெரிந்தாள். ஒருத்தி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டேன். மலையாளப் பேப்பர், அதையும் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். இவர்தான் சொன்னார்.

ரூம் நன்றாகத்தான் இருந்தது. கடல் என்று மகள் சொன்னது ரெண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு முழத்துக்குத் தெரிந்தது. அது கடல் இல்லை, காயல் என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "தண்ணியில கப்பல் நிக்குதுல்ல, அப்பம் கடல்தான்" என்று இவர் முடித்துவிட்டார். குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ள வெள்ளை அங்கி ஒன்று தொங்கியது. நான் அதை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன். ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக்கே போடவில்லை. எங்கள் யூனிட்டில் இப்படித் தைத்தால் நான் முகத்திலேயே எறிவேன். கட்டிலின் மேல் ரெண்டு துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து, மூக்கோடு மூக்கு வைத்து, சுற்றி ரோஜா இதழ் தூவியிருந்தார்கள். கல்யாண நாள் என்று மகள் சொல்லியிருப்பாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இவருக்கோ ஒரே சந்தோஷம். அதைக் கலைக்க விடவில்லை. அன்றைக்கு நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன துண்டில்தான் துவட்டிக்கொண்டோம். ராத்திரி அன்னம் ரெண்டையும் அப்படியே தூக்கி மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தோம். வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன நான், போனைத் தொடக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மறுநாள் டிபன் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தோம். அக்காவிடமிருந்து போன்.

"எங்கட்டி இருக்க?"

"யூனிட்டுலதான்க்கா. ஆர்டர் ஒண்ணு அவசரமா நிக்கி. அங்க இங்க நகர முடியல."

"அப்பிடியா. அப்பம் ஒன் வீட்டுக்காரரு கொச்சில யாரு கூட ரூம் போட்டிருக்காரு?"

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். காலையிலேயே அன்னம், ரோஜா இதழ், ஜன்னல், கப்பல், கீழே சாப்பிட்ட இடியாப்பம், வாசலில் ஓட்டல் பெயர்ப் பலகை எல்லாவற்றையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார்.  அக்கா, "ரூம் நம்பரு என்ன?" என்றாள். சொன்னேன். வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இவரை நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. இவர் போர்வையை மூலைக்கு மூலை மடித்துக்கொண்டிருந்தார்.  அக்கா பேசாமல் போய்விடுவாள், மூச்சு இருக்கிற வரைக்கும் பேச மாட்டாள் என்றே நினைத்தேன்.

அக்காவே வந்து கதவைத் தட்டினாள். கையில் ஒயர்கூடை. இவர் விறைப்பாக எழுந்து நின்று, "வாங்க மதினி" என்றார். "இருக்கட்டும் தம்பி" என்று உள்ளே வந்து, ரூமைச் சுற்றிப் பார்த்தாள். பாத்ரூமுக்குள் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து கை நனைத்துப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கினாள்.  என்னால் தாங்க முடியவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து, "புள்ள பண்ணுன வேலக்கா, நான் ஒன்ன மதிக்காம இல்ல" என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

"எந்திரி. நான் ஏச வரல" என்றாள். கொஞ்ச நேரம் சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நீ வாரேன்னு சொல்லிருவியோன்னு அஞ்சு வருசமா நாந்தான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

எனக்குப் புரியவில்லை. இவருக்குப் புரிந்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு ரூமுதான்ட்டி. ஒண்ணு மகனுக்கும் மருமகளுக்கும். இன்னொண்ணு பேரனுக்கு, படிக்கதுக்கு. எனக்கு ஹாலு. அவுக டிவி பாத்து முடிச்ச பொறவுதான் பாய விரிக்க முடியும். கடலு தெரியும்னு சொன்னது பொய்யில்ல. அவுக ரூமு ஜன்னல்ல தெரியும். ஆபீசுக்குப் போன பொறவு கூட்டப் போவம்லா, அப்பம் பாப்பேன்."

"மருமக ஏதும் சொல்லுதாளா?"

"சேச்சே, நல்ல புள்ள. கேட்டா சரின்னுதான் சொல்லுவா. ஆனா கேக்கணும்லா? எந்தங்கச்சி வந்து ரெண்டு நாளு தங்கட்டான்னு பெத்த புள்ளகிட்ட கேட்டுட்டு நிக்க எனக்கு வாய் வரலட்டி."

எனக்கு அந்த நிமிஷம் அழுகை நின்று கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவள் மகன் மேலும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை, அவனும் என்ன அரண்மனையா கட்டியிருக்கிறான். ஐந்து வருஷமாக வாரத்துக்கு ரெண்டு தடவை பேசியும் எங்கே படுக்கிறாய் என்று ஒரு தடவை கேட்காத என் மேல்தான் கடைசியில் வந்தது.

அக்கா கூடையைத் திறந்தாள். அவர்கள் ஆபீஸ் போன கையோடு சமைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. இவர் அதை ஒரு தடவை வாசித்துவிட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். நான் கையோடு ரூமுக்கு எடுத்து வந்துவிட்ட அந்த மலையாளப் பேப்பரை மேஜையில் விரித்து அக்கா எங்களுக்குப் பரிமாறினாள். நாங்கள் போதும் போதும் என்கிற வரைக்கும் வைத்துவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள்.

சாப்பிட்ட பிறகு, "நான் செத்த நேரம் இங்கன படுத்துக்கிடட்டா?" என்று என்னிடம் கேட்டாள். என்னைத் தூக்கி வளர்த்தவள் என்னிடம் அப்படிக் கேட்டது எனக்கு நெஞ்சை அறுத்தது. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கீழே பழகின சோபாவுக்கே போய்விட்டார். அக்கா கதவை ஒரு தடவை பார்த்தாள், சாத்தியிருக்கிறதா என்று. படுத்த உடனே தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, லேசாகக் குறட்டை விட்டு, ரெண்டு மணி நேரம். நான் விசிறி வேண்டாத அந்த ஏசி ரூமில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் போன் அடித்துத்தான் விழித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சித்தி. அம்மாவின் தங்கச்சி. லாட்ஜ் மாமா கதையைப் பதினோரு வருஷம் ஆறவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது அவள்தான்.

"ஏட்டி, ஒம் புருசன் போட்ட படத்தப் பாத்தேன். கூடப்பொறந்தவ இருக்கைல லாட்ஜுலயா தங்கிருக்க?"

ஸ்பீக்கரில் போட்டதால் அக்காவுக்கும் கேட்டது. போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"சித்தி, நாந்தான். எங்க வீட்டுலதான் தங்கிருக்கா. காலைல டிபனுக்கு ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"கட்டில்லாம் போட்டிருந்துச்சே?"

"எங்க வீட்டுக் கட்டிலு."

"துண்ட என்னமோ வாத்து மாதிரி மடிச்சு வச்சிருந்துச்சே?"

"எம்மருமக மடிச்சா. விருந்தாளு வந்தா அப்பிடித்தான் வைப்பா."

"ரோசாப்பூ?"

"அதும் அவதான்."

 சித்தி, "படிச்ச புள்ளன்னா படிச்ச புள்ளதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அக்காதான் முதலில் சிரித்தாள். அம்மா வீட்டில் சிரிக்கிற மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் போக வேண்டும் என்று நாலு மணிக்குக் கிளம்பினாள். பால்கோவாவைக் கொடுத்தேன். ஒரு வாய் அள்ளித் தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கோயிலுக்குப் போறேன்னுல்ல மருமககிட்ட போன்ல சொல்லிட்டு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டப்பாவ எங்க வாங்குனேன்னு சொல்ல?" நைட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். கோயில் வாசல் கடையில் வாங்கினதாகச் சொல்லிக்கொள்வாளாம். லிஃப்ட் வரைக்கும் போனேன். "நானும் ஒன் வீட்டுக்கு ஒரு எட்டு வரட்டாக்கா?" என்றேன். "வா. காப்பி போட்டுத் தாரேன்" என்றாள். கதவு மூடிக்கொண்டது. நான் போகவில்லை. மறுநாள் மத்தியானம் ரயிலேறிவிட்டோம்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் சித்தி பஸ் ஏறி யூனிட்டுக்கே வந்துவிட்டாள். இதற்குள் அவள் தன் மருமகளைத் துண்டு மடிக்கப் பழகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சித்தி நைட்டி மூட்டையின் மேல் உட்கார்ந்து, அக்கா வீடு எப்படி, தண்ணீர் எப்படி, சோறு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் பார்க்காத வீட்டைப் பார்த்த மாதிரி சொன்னேன்.

"அவளுக்குத் தனி ரூமாட்டி?" என்றாள்.

"ஆமா சித்தி."

"கட்டிலு உண்டுமா?"

"பெரிய கட்டிலு. மெத்த, ஏசி, வெந்நீரு. கதவச் சாத்திட்டு மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்குதா. யாரும் எழுப்ப மாட்டாக."

சித்தி பெருமூச்சு விட்டாள். அவளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் வீட்டில்தான் இருக்கிறாள். "குடுத்து வச்சவ" என்றாள்.

"ஆமா சித்தி" என்றேன்.